தொடக் கூடாத நாற்பத்திரண்டு தொட்டிகள்

அந்த அட்டைப்பெட்டி கம்பெனியின் வாசலில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருந்தவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'சோதனை'. "வாசல்ல சோதனை உட்கார்ந்திருக்கு, பையைத் திறந்து வச்சுக்கோ" என்பார்கள். பின்னே? உள்ளே போகிற பை, வெளியே வருகிற பை, சாப்பாட்டுப் பை, குழந்தைக்கு மருந்து வாங்கிய பை, ஒன்று விடாமல் விரலை விட்டுத் துழாவி, "போகலாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் யாரும் வாசலைத் தாண்ட முடியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருமுறை, அவர் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த சொந்த மனைவியையே வரிசையில் நிறுத்திக் கைப்பையைச் சோதித்தார். அந்தம்மா ஒன்பது நாள் பேசவில்லை. அந்த ஒன்பது நாளும் வீடு நிம்மதியாக இருந்தது என்று அவர் சொன்னதாக ஒரு வதந்தி உண்டு. அது பொய். அவருக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பதிவேட்டைத் திறந்து, 'இன்று அனுமதியின்றி வெளியே சென்ற பொருள்: ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அப்புறம் தன் பையை மேசைமேல் வைத்து, ஊரார் பையில் விரல் விடுகிற மாதிரியே தன் பையிலும் விரல் விட்டுப் பார்ப்பார். டிபன் டப்பா, துண்டு, செய்தித்தாள், குடை. எல்லாம் பார்த்து முடித்து, வாய்விட்டு "போகலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்புவார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! ஊரைச் சோதிக்கிறவன் தன்னைச் சோதிக்காவிட்டால் அது என்ன நியாயம்?

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இந்த மாதக் கடைசியோடு வேலை ஒப்பந்தம் முடிகிறது. பெரிய முதலாளியாக இருந்தால் பழைய காகிதத்தில் தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டிருப்பார். இப்போது எல்லாம் அவர் மகன் கையில். சின்ன முதலாளி மேல்படிப்பெல்லாம் படித்தவர். வாசலில் ஆள் எதற்கு, பையை உள்ளே தள்ளினால் படம் காட்டுகிற மெஷின் ஒன்று போதும் என்று விலைப்பட்டியல்கூட வரவழைத்துவிட்டார். இருபத்தாறு வருடம் உழைத்தவரைக் கறிவேப்பிலை மாதிரி எடுத்துத் தட்டோரத்தில் வைக்க நாள் பார்த்தாகிவிட்டது.

இந்த விஷயம் வீட்டுக்குத் தெரிந்த அன்றுதான் மணி பிளான்ட் பேச்சு ஆரம்பித்தது.

அந்தம்மாவுக்குக் கைராசி உண்டு. மூன்றாம் மாடியின் ஒரு முழ பால்கனியில் கறிவேப்பிலை இருக்கிறது, கற்றாழை இருக்கிறது, துளசி இருக்கிறது, ஜன்னல் கம்பியைச் சுற்றி வெற்றிலைக் கொடி ஏறியிருக்கிறது. இருமல் வந்தால் ஒன்று, சூடுபட்டால் ஒன்று, தாளிக்க ஒன்று என்று அத்தனைக்கும் அந்த வீட்டில் வேலை உண்டு. வேலையே இல்லாமல் சும்மா வளரவேண்டிய மணி பிளான்ட் மட்டும் வரமாட்டேன் என்றது. கடையில் வாங்கியது அழுகிப்போனது. அந்தம்மாவின் அண்ணன் ஆசையாகக் கொடுத்தது பதினோராம் நாள் செத்தது. மூன்றாவதை எங்கிருந்து கொண்டுவந்தார்களோ, அது வரும்போதே மஞ்சளாகத்தான் வந்தது.

"எதிர்வீட்டுக்காரி சொல்றா, காசு கொடுத்து வாங்கினாலும் வராதாம், கேட்டு வாங்கினாலும் வராதாம். திருடி வச்சாத்தான் வேர் விடுமாம்" என்றாள் அந்தம்மா, சோறு போட்டுக்கொண்டே.

"அவ எங்கேருந்து திருடினாளாம்?"

"அதை எப்படிங்க சொல்லுவா? ஆனா அவ வீட்ல செருப்பு ஸ்டாண்டைச் சுத்தி ரெண்டு ரவுண்டு போயிருக்கு. பையனுக்கு வேலை கிடைச்சாச்சு."

"பையன் படிச்சான், வேலை கிடைச்சது."

"நம்ம ஊர்ல எவன் படிக்கல? நல்லா இருக்கிற இடத்துலேருந்து திருடணுமாம். உங்க முதலாளி ரூம்ல சுவரெல்லாம் படர்ந்திருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சோதனைக்குப் புரை ஏறியது. "என்னைப் பார்த்தா இதைச் சொல்றே? ஒரு குண்டூசி வெளியே போனதில்ல என் வாசல்ல!"

"அப்ப வேலை போகட்டும். வீட்ல உட்கார்ந்து நான் மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வர்ற பையைச் சோதனை பண்ணுங்க." சொல்லிவிட்டு அந்தம்மா சட்டென்று கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்குப் பயமா இருக்குங்க. ஒரு கிள்ளுதானே கேக்கறேன்."

கோபமாகக் கேட்டிருந்தால் மறுத்திருப்பார். பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லி அவர் கேட்டதே இல்லை. அவருக்குமே பயமாகத்தான் இருந்தது, சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், ஜன்னல் கொக்கிகளைச் சரிபார்க்கிற சாக்கில் பெரிய முதலாளியின் அறைக்குள் நுழைந்தார். செடி மூலையில் ஒரு தொட்டியில் கிளம்பி, அலமாரியின் தலைமேல் ஏறி, ஜன்னலை வளைத்து, கம்பெனி வாங்கிய கேடயங்களை எல்லாம் மூடிக்கொண்டு கிடந்தது. எந்த இலையைத் தொட்டாலும் முதலாளி பார்ப்பது போலவே இருந்தது. சரி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கிள்ளுவோம் என்று அலமாரிக்குப் பின்னால் தலையை நீட்டினார். நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

பின்பக்கம் முழுக்க வெட்டுத் தழும்பு! ஒன்றா, இரண்டா? முப்பதுக்கு மேல் எண்ண மனம் வரவில்லை. நேராக வெட்டியது கணக்குப்பிள்ளை, காகிதக் கத்தி அவரிடம்தான் இருக்கிறது. வளைந்து வளைந்து வெட்டியது பெட்டி டிசைன் போடுகிற பெண்ணின் கத்தரிக்கோல். நகத்தால் கிள்ளியது டீக்கார அம்மா. ஸ்டோர்காரன் இடுக்கியால் கடித்திருக்கிறான், முரட்டுப்பயல். எல்லாம் அவருடைய வாசல் வழியாக, அவர் விரல் விட்டுத் துழாவிய பைகளில்தான் போயிருக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் தோட்டத்தையே டிபன் டப்பாவில் மறைத்திருக்கிறார்கள்! இருபத்தாறு வருடம் 'ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை' என்று எழுதிய பதிவேடு அவர் கண்முன் வந்தது. அழுகை வரும் போலிருந்தது.

அந்த ஆத்திரத்திலேயே ஒரு கணுவைக் கிள்ளினார். பையில் வைத்தால் சாயங்காலம் தானே கண்டுபிடித்துவிடுவோம் என்று யோசித்து, தொப்பியைக் கழற்றி உள்ளே வைத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். திரும்பினால் வாசலில் பெரிய முதலாளி. அவருக்குப் பின்னால் சின்ன முதலாளி.

இருபத்தாறு வருடப் பழக்கம் சும்மா விடுமா? பெரிய முதலாளியைக் கண்டதும் கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றியது. கொடி வழுக்கைத் தலையில் வழுக்கி, பெரிய முதலாளியின் செருப்பு நுனியில் விழுந்தது. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றார் சோதனை.

"என்னப்பா இது?"

"செடிங்கய்யா. வீட்டுக்கு."

"கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே."

"கேட்டு வாங்கினா வராதுங்கய்யா" என்றார் சோதனை. பொய் சொல்லிப் பழக்கம் இல்லை, என்ன செய்வது?

பெரிய முதலாளி கோபப்படவில்லை. ரொம்ப நியாயமான விஷயத்தைக் கேட்டவர் போலத் தலையை ஆட்டினார். "வாஸ்தவம்தான். இதையே நான் என் மச்சான் கடையிலேருந்துதான்…" என்று ஆரம்பித்தவர், மகன் முகத்தைப் பார்த்துவிட்டு இருமினார். அந்த மச்சான் கடையை மூடிப் பல வருடமாகிறது, இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

சின்ன முதலாளி அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கைப்பேசி வெளிச்சத்தில் தழும்புகளை நிதானமாக எண்ணினார். "முப்பத்தேழு. அத்தனையும் உங்க வாசல் வழியாத்தானே போயிருக்கு? இதுக்குத்தான் நான் மெஷின் கேட்டேன்."

"சார்…"

"உங்களைச் சொல்லிக் குற்றமில்ல. மூட நம்பிக்கை. இதை ஒரே நாள்ல ஒழிச்சுக் காட்டறேன். நாற்பத்திரண்டு ஊழியர், நாற்பத்திரண்டு தொட்டி, ஆளுக்கு ஒண்ணு, இலவசம். சும்மா கிடைக்கிறதை எவன் திருடுவான்? திருட்டே இல்லேன்னா வாசல்ல ஆள் எதுக்கு?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்தத் தொட்டிகள் காலியாகிற அன்றைக்குத் தன் நாற்காலியும் காலி என்பது சோதனைக்கு உடனே புரிந்தது.

நாலு நாளில் தொட்டிகள் வந்து வாசல் அருகே நீள மேசையில் அணிவகுத்தன. கூடவே ஆளுயரப் பலகை. 'மணி பிளான்ட்: நம் பண்பாட்டின் பசுமை முகம். இல்லந்தோறும் செல்வத்தையும், தூய காற்றையும், நேர்மறை எண்ணத்தையும் பரப்பும் இந்தப் பாரம்பரியச் செடி, நிர்வாகத்தின் அன்புப் பரிசு. எடுத்துச் செல்லுங்கள்!' கீழே கம்பெனிச் சின்னம்.

டீக்கார அம்மா தட்டோடு நின்று முழுதும் படித்தாள். "அடேயப்பா, இதுக்கு இவ்வளவு அர்த்தமா? நாங்க காலி பாட்டில்ல தண்ணி ஊத்திப் போட்டுட்டு, அது பாட்டுக்குக் கிடக்குன்னு இருக்கோம்." படித்துவிட்டு டீ கொடுக்கப் போய்விட்டாள். செடியை எடுக்கவில்லை.

யாருமே எடுக்கவில்லை. கணக்குப்பிள்ளைக்கு மண் வாசனை ஒத்துக்கொள்ளாதாம். டிசைன் பெண்ணுக்கு பஸ்ஸில் கூட்டமாம். ஸ்டோர்காரன் வீட்டில் பூனை இருக்கிறதாம், பூனை செடி தின்னுமாம், இத்தனை நாள் அந்தப் பூனை இருப்பதே யாருக்கும் தெரியாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று படித்த ஜனங்கள்தான், மாட்டின் பக்கமே திரும்பாமல் போனார்கள். சின்ன முதலாளி சுற்றறிக்கை அனுப்பினார். 'ஒவ்வொருவரும் தவறாமல் ஒரு செடி எடுத்துச் செல்லும்படி அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' இரண்டாவது சுற்றறிக்கையில் அன்பை எடுத்துவிட்டார். அதற்கும் அசையவில்லை. எட்டு நாளில் இலைகள் ஓரம் மஞ்சளடிக்க ஆரம்பித்தன. நேர்மறை எண்ணத்தைப் பரப்ப வந்தவை, போகிற வருகிறவர் முகத்தையெல்லாம் வாடவைத்தன.

"நாளைக்குக் காலையில கம்பெனியைப் பார்க்க வெளியாளுங்க வர்றாங்க" என்று சின்ன முதலாளி வாசலில் வந்து நின்று பல்லைக் கடித்தார். "இதெல்லாம் இங்கே இருந்தா மானம் போயிடும். குப்பையில போட அப்பா விடமாட்டேங்கிறார். என்னதான் வேணும் இந்த ஜனங்களுக்கு?"

சோதனைக்கு விடை தெரியும். எட்டு நாளாகத் தெரியும். சொன்னால் தன் நாற்காலிக்குத் தானே உலை வைத்த மாதிரி ஆகுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். ஆனால் மாதக் கடைசிக்கு ஐந்து நாள்தான் பாக்கி. இனி மூடி வைத்து என்ன ஆகப்போகிறது?

"சாயங்காலத்துக்குள்ள நான் காலி பண்ணித் தர்றேன் சார். போர்டை மட்டும் நான் சொல்ற மாதிரி மாத்தணும்."

"பண்ணிட்டா?"

"என் ஒப்பந்தத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

"முதல்ல பண்ணுங்க, பார்ப்போம்."

பண்பாட்டுப் பலகை உள்ளே போனது. அதன் இடத்தில், கம்பெனி அட்டையிலேயே ஒரு துண்டு வெட்டி, தடித்த பேனாவால் எழுதி வைத்தார்: 'இந்தச் செடிகளைத் தொடக் கூடாது. எண்ணி வைக்கப்பட்டுள்ளன. மீறினால் கடும் நடவடிக்கை. இப்படிக்கு, வாசல்.'

அதற்கப்புறம் செய்யவேண்டியதுதான் கஷ்டம். நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டு, செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொள்ளத் தெரியாத மனிதருக்கு அது பெரிய தண்டனை. முதுகுக்குப் பின்னால் செருப்பு தேய்கிற சத்தம், ஒரு தொட்டி மேசையில் லேசாக உரசுகிற சத்தம், யாரோ மூச்சைப் பிடிக்கிற சத்தம். கழுத்து திரும்பத் துடித்தது. ஒரே விளம்பரத்தை முப்பது தடவை படித்தார். அது என்ன விளம்பரம் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லமாட்டார்.

ஆறு மணிக்கு வழக்கம்போல் வரிசை நின்றது. கணக்குப்பிள்ளை ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே, உள்ளேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்தார். காதோரம் தண்ணீர் சொட்டியது.

"வேர்வை" என்றார்.

"மண்ணும் கொட்டுதே சார்?"

"வயசாயிடுச்சில்ல."

"போகலாம்" என்றார் சோதனை.

டிசைன் பெண்ணின் குடை மழையில்லாத நாளில் கொழுக்கட்டைபோல் உப்பியிருந்தது. போகலாம். ஸ்டோர்காரன் பழக்கூடையைத் தூக்குகிற மாதிரி வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தான், காலையில் அந்த வயிறு கிடையாது. போகலாம். டீக்கார அம்மா எதையும் மறைக்கவில்லை. ஃபிளாஸ்க் மூடியைத் திறந்தே பிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு பச்சை இலை எட்டிப் பார்த்தது. "டீத்தூளாம்மா?" என்றார். "ஆமாங்க, டீத்தூள்தான்" என்றாள். ஒவ்வொரு பையிலும் வழக்கம்போல் விரலை விட்டார். ஒவ்வொரு பையிலும் ஈரமண் தட்டுப்பட்டது. ஒவ்வொரு தடவை "போகலாம்" சொல்லும்போதும் நெஞ்சுக்குள் என்னமோ ஒரு படி இறங்கியது.

எல்லோரும் போன பிறகு மேசையில் இரண்டு தொட்டிகள் மிச்சம். ஒன்று லீவில் இருக்கும் காசாளருக்கு, ஒன்று அவருக்கு. மாடி விளக்குகளை அணைத்துவிட்டு இறங்கி வந்தால், ஒன்றுதான் இருந்தது.

யோசித்துக்கொண்டு நிற்கும்போதே சின்ன முதலாளியின் கார் வந்து ஹாரன் அடித்தது. முதலாளி வீட்டுக் காரானாலும் டிக்கியைத் திறந்து பார்க்கவேண்டும் என்பது பெரிய முதலாளி போட்ட சட்டம்.

"இன்னைக்கு வேண்டாமே, அவசரம்" என்றார் சின்ன முதலாளி.

"ஒரு நிமிஷம் சார்."

டிக்கியில் சின்ன முதலாளியின் கோட்டு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதற்குள், கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் தடித்த நிர்வாகவியல் புத்தகம் முட்டுக்கொடுத்து, மணி பிளான்ட் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

சின்ன முதலாளி இறங்கி வந்தார். முருங்கை மரத்திலிருந்து வழுக்கி விழுந்தவர் மாதிரி இருந்தது முகம். "அது வந்து… மண்ணை டெஸ்ட் பண்ணலாம்னு… ஏன் வாடுதுன்னு."

"நல்லதுங்க சார். அனுமதிச் சீட்டு எழுதிடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்!" என்று பதறிவிட்டார் சின்ன முதலாளி. "எழுதினா அப்புறம் அது…" மிச்சத்தை முழுங்கினார்.

சோதனை டிக்கியை மெதுவாகச் சாத்தினார். சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

"மெஷினா இருந்தா இந்நேரம்…" என்றார் சின்ன முதலாளி, தெருவைப் பார்த்தபடி.

"கத்தியிருக்கும் சார். பேரு, நேரம், படம் எல்லாம் பதிஞ்சு வச்சிருக்கும்."

சின்ன முதலாளி டிக்கி சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"காலையில என் ரூமுக்கு வாங்க. ரெண்டு வருஷத்துக்கு எழுதிடலாம்." காரில் ஏறியவர் தலையை வெளியே நீட்டினார். "மேசையில ஒண்ணு மிச்சம் இருக்கே, அது அங்கேயே இருக்கட்டும். வர்றவங்க பார்க்கட்டும். யாரும் தொடவேண்டாம்."

"சரிங்க சார். போகலாம்."

கார் போய்விட்டது. சோதனை பதிவேட்டைத் திறந்தார். வேலை தங்கிவிட்டது. துள்ளிக் குதிக்கவேண்டிய நேரத்தில் கை பேனாவைப் பிடிக்க மறுத்தது. இத்தனை வருடம் எழுதியதும் பொய்தான், ஆனால் தெரியாமல் எழுதிய பொய். இதைத் தெரிந்தே எழுதவேண்டும். திருட்டை ஒழிக்க வர இருந்த மெஷினைத் துரத்தியது தன் நேர்மை இல்லை என்று அவருக்குத் தெரியும். அது வலித்தது. 'இன்று அனுமதியின்றி வெளியே சென்ற பொருள்: ஒன்றும் இல்லை' என்று எழுதி, கையெழுத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டார்.

மேசையைத் திரும்பிப் பார்த்தார். 'தொடக் கூடாது' என்று அவர் கையெழுத்திலேயே அட்டை. முதலாளியும் தொடவேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இனி அதை எடுத்தால் சந்தேகமே இல்லை, அது சுத்தமான திருட்டு. வேலைதான் கிடைத்துவிட்டதே, இனிச் செடி எதற்கு? கேட்கலாம்தான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பயமாக இருக்கிறது என்று சொன்னவளிடம் போய் அதைக் கேட்க முடியுமா?

அவர் தெருவை ஒரு தடவை பார்த்தார். மாடிப்படியை ஒரு தடவை பார்த்தார்.

பிறகு வழக்கப்படி தன் பையை மேசைமேல் வைத்து, ஊரார் பைக்கு விடுகிற மாதிரியே விரலை விட்டார். டிபன் டப்பா. துண்டு. செய்தித்தாள். குடை. விரல் ஈரமண்ணில் போய் நின்றது.

வெகுநேரம் அப்படியே நின்றார்.

"போகலாம்" என்றார், அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. வாசலைப் பூட்டிவிட்டு, மண் சிந்தாமல் பையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.